கூலியும் கிருபையும்

நம்முடைய சபைகளில் ஒரு கருத்து சில பத்தாண்டுகளாக வேரூன்றி வளர்ந்து, அதைப் பரிசீலிக்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றாத அளவுக்கு இன்று நிலைபெற்றுவிட்டது. தேவன் தம் பிள்ளைகளை ஐசுவரியத்தினால் ஆசீர்வதிக்கிறார். ஆகவே ஐசுவரியம் அவருடைய பிரியத்தின் அடையாளம். அந்த அடையாளத்தைப் பெற்றவன் சபை நடுவே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லக் கடமைப்பட்டவன். பெறாதவனோ தன் விசுவாசத்தில் எவ்விடத்தில் குறை நேர்ந்தது என்று தேடிப் பார்க்கக் கடமைப்பட்டவன் என்பதே அக்கருத்தின் சாரம். டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும். வீடு கட்டியவர் எழுந்திருக்கிறார். கார் வாங்கியவர் எழுந்திருக்கிறார். மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைத்தவர் எழுந்திருக்கிறார். அந்த ஆண்டு முழுவதும் வட்டிக்குக் கடன் வாங்கி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, பிள்ளைகளை ஒரு நாளும் பட்டினி போடாமல் காப்பாற்றிய தாய் எழுந்திருப்பதில்லை. சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று அவள் உண்மையாகவே நம்புகிறாள். அவளை அப்படி நம்பவைத்த போதனையைத்தான் நான் இங்கே மறுக்க முற்படுகிறேன்.

இம்மறுப்புக்குக் கோலார் தங்கவயலைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மிகுதி என்பது யாது, அது எவர் உழைப்பில் பிறந்து எவர் பெட்டியில் சேர்கிறது, அதனிடையே ஓர் ஏழைக் குடும்பம் எதற்காக, யாருக்கு நன்றி சொல்லக்கூடும் என்னும் வினாக்களை இத்தனை அப்பட்டமாக எழுப்புகிற வேறோர் ஊரைத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் சரித்திரத்தில் நான் அறியேன். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் இங்கே வந்திறங்கியது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது வரையில், ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த மண்ணின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். அதை எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த தமிழர். அவர்களிலும் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் தங்களோடு வெஸ்லியின் பக்தி மார்க்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஆங்கிலிக்கன் சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் மெதடிஸ்டு மிஷனும் உரிகாமிலும் சாம்பியன் ரீஃபிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆலயங்களை எழுப்பின. ஆக, பொன் விளையும் பூமியின் மேலேயே, பொன்னில் பங்கில்லாத ஒரு ஜனம், அன்றன்றுள்ள ஆகாரத்துக்காக ஜெபிக்கிற ஒரு ஜெபத்தைக் கற்றுக்கொண்டது. இந்தச் சந்திப்பில் அடங்கியுள்ள பொருளை, ஐசுவரியத்தை ஆசீர்வாதமென்று பிரசங்கிக்கிறவர்கள் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துக்கொள்வதே நியாயம். கீழ்ப்படிகிறவனுடைய களஞ்சியமும் கால்நடையும் பெருகும் என்று உபாகமம் 28-ஆம் அதிகாரம் வாக்களிக்கிறது என்பார்கள். தசமபாகம் செலுத்துகிறவனுக்கு வானமே திறந்துகொண்டு இடங்கொள்ளாத ஆசீர்வாதத்தைப் பொழியும் என்று மல்கியா சொல்கிறார் என்பார்கள். விசுவாசிகளின் தகப்பனாகிய ஆபிரகாம் வெள்ளியும் பொன்னும் மிகுந்த சீமானாயிருந்தான் என்பார்கள். பரிபூரண ஜீவனைத் தரவே தாம் வந்ததாக இயேசுவே சொன்னார் என்பார்கள். இவை யாவும் வேதத்தில் உள்ளவைதாம். இந்தப் போதனையால் சிலருக்கு நன்மை விளைந்ததையும் நான் மறைக்க விரும்பவில்லை. சம்பளத்தில் பாதியைச் சாராயக் கடையில் இழந்துகொண்டிருந்தவன், தேவன் தன்னை உயர்த்தச் சித்தங்கொண்டிருக்கிறார் என்று கேட்டு, நிமிர்ந்து நின்று, குடியை விட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்ததுண்டு. தலைமுறை தலைமுறையாகத் தாழ்ந்தவன் என்றே சொல்லப்பட்டு வந்தவனுடைய காதில், நீ ராஜாதி ராஜாவின் பிள்ளை என்ற சொல் விழும்போது அவனுக்குள் உண்டாகும் பலம் அற்பமானதன்று. ஆனால் அந்தப் பலம் பிள்ளை என்ற சொல்லிலிருந்து பிறந்ததே தவிர, பின்னால் சேர்த்துக் கட்டப்பட்ட கார், பங்களாக் கணக்கிலிருந்து பிறந்ததன்று. பிரசங்கிமார் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். கட்டை அவிழ்ப்பது அவசியம்.

முதலாவது, அவர்கள் காட்டுகிற வசனங்களையே அவற்றின் ஸ்தானத்தில் வைத்து வாசிப்போம். உபாகமத்தின் வாக்குத்தத்தம் தனிமனிதன் ஒருவனுடைய வங்கிக் கணக்கை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. குடும்பத்துக்குக் குடும்பம் நிலம் பங்கிடப்பட்டு, ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை செய்யப்பட்டு, அறுப்பில் சிந்திய கதிர் அந்நியனுக்கும் விதவைக்கும் விடப்பட வேண்டும் என்ற பிரமாணத்தின் கீழ் வாழக் கடமைப்பட்ட ஒரு முழு ஜனத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. அதே புஸ்தகத்தின் 8-ஆம் அதிகாரத்தை நம் பிரசங்கிமார் ஏன் இத்தனை அபூர்வமாக வாசிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஏனெனில் தங்கவயலார் முதலில் கேட்டிருக்க வேண்டிய அதிகாரம் அது. வரப்போகும் தேசத்தில் கற்கள் இரும்பாயிருக்கும், மலைகளில் செம்பு வெட்டியெடுக்கலாம் என்று அங்கே மோசே சொல்கிறார். புசித்துத் திருப்தியடையும்போது தேவனை ஸ்தோத்திரிக்க வேண்டும் என்கிறார். உடனே, என் சாமர்த்தியமும் என் கைப்பெலனுமே இந்த ஐசுவரியத்தைச் சம்பாதித்தது என்று உன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்று எச்சரிக்கிறார். சுரங்கத்தைப் பற்றிப் பேசிய கையோடு மறதியைப் பற்றிப் பேசுகிறது அந்த அதிகாரம். பொன்னையும் வெள்ளியையும் கண்டு நிறைவுறும் மனிதன் தேவனை மறப்பதே அதிகம் நிகழக்கூடியது என்பது மோசேயின் அனுபவம். நம்முடைய பிரசங்கிமாரோ அந்தப் பொன்னையும் வெள்ளியையுமே பக்திக்குச் சான்றாக எடுத்துக் காட்டுகிறார்கள்.

மல்கியாவின் கதையும் இதுவே. தசமபாகத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வசனம் 3-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனம். அதற்கு ஐந்து வசனங்களுக்கு முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைக்கிறவனுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாக நிற்பதாகக் கர்த்தர் அறிவிக்கிறார். பத்தாம் வசனத்தை ஆயிரம் முறை கேட்ட காதுகள் ஐந்தாம் வசனத்தை எத்தனை முறை கேட்டிருக்கும்? தசமபாகம் எதற்காக என்று உபாகமம் 14-ஆம் அதிகாரம் விளக்கும்போதும், லேவியனும் அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியாக வேண்டும் என்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. கொடுக்கிறவன் இன்னும் அதிகமாகப் பெறுவதற்கு அதை ஒரு முதலீடாக்கியது வேதமன்று.

பரிபூரண ஜீவனைப் பற்றிச் சொன்னவர் தலைசாய்க்க இடமில்லாதிருந்தவர் என்பதற்கு மேல் அங்கே வியாக்கியானம் வேண்டியதில்லை.

இரண்டாவது, வசனத்தை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். ஐசுவரியம் தேவ பிரியத்தின் அடையாளமானால், தங்கவயலின் சரித்திரத்தில் தேவனுக்கு மிகவும் பிரியமானவர்கள் யாவர்? மாரிக்குப்பம் எங்கே இருக்கிறது என்பதையே அறியாமல் லண்டனில் உட்கார்ந்து லாபப் பங்கு பெற்றவர்கள். பூமிக்கு மேல் பாறையை அரைத்தவனும் பூமிக்குக் கீழ் பாறையை உடைத்தவனும் பிரியமற்றவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலேயிருந்து செலுத்தினால்தான் மனிதன் நின்று வேலை செய்யலாம். மேலே உள்ள பூமியின் பாரத்தால் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்று சுரங்கத்தார் சொல்லும் அந்த விபத்து முன்னறிவிப்பின்றி வரும். அதற்குத் தப்பினவனுடைய நுரையீரலில் கல்தூசி படிந்து சிலிகோசிஸ் என்ற நோயாகும். 1940-களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோருக்கு அந்நோய் கண்டது. இவர்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். தசமபாகம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். முழங்காலில் நின்று மன்றாடினவர்கள் இருந்தார்கள். இவர்களுடைய விசுவாசத்தில் குறை என்று சொல்லத் துணிகிறவன், அதை அந்த ஊரில், அவர்களுடைய கல்லறைகளின் நடுவே நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

யோபின் புஸ்தகத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அதன் 28-ஆம் அதிகாரம் வேதாகமம் முழுவதிலும் சுரங்கத் தொழிலை மிக நுணுக்கமாக வர்ணிக்கும் பகுதி: மனிதன் இருளுக்கு எல்லை கட்டி இறங்குகிறான், மனித சஞ்சாரமற்ற இடத்தில் குழி வெட்டி, தொங்கியபடி அசைந்தாடுகிறான், பாறையைப் பிளந்து விலையேறப்பெற்றவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறான். இத்தனையும் செய்யத் தெரிந்தவன் ஞானத்தை மாத்திரம் எந்தச் சுரங்கத்திலும் கண்டெடுக்கவில்லை என்று அந்த அதிகாரம் தொடர்கிறது. அந்தப் புஸ்தகத்தில், நீ துன்பப்படுகிறாயே, ஆகையால் நீ குற்றவாளி என்று யோபுவைப் பார்த்து வாதாடினவர்கள் அவனுடைய சிநேகிதர்கள். இன்றைய செழிப்புப் போதனையின் முழுச் சித்தாந்தமும் அவர்கள் வாயில் இருக்கிறது. கடைசியில் தேவனுடைய கோபம் மூண்டது யோபுவின் மேலல்ல, தம்மைக் குறித்துச் சரியாகப் பேசாத அந்தச் சிநேகிதர்கள் மேல்.

சுரங்கத் தொழிலாளரின் 'லைன்' வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஆரம்ப காலத்தில் மூங்கில் தட்டிகளால் கட்டப்பட்ட குடிசைகள். ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். பாறை வெடித்த ஷிஃப்டில் ஒருவன் பிழைத்து 'கேஜ்' ஏறி மேலே வந்தான். அவன் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் வரவில்லை. பிழைத்தவன் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடக்கிறது. அடுத்த வீட்டில் சவம் கிடத்தப்பட்டிருக்கிறது. உயிர் தப்பினவன் நன்றி சொல்லக்கூடாது என்று யார் சொல்வார்? சொல்லத்தான் வேண்டும். ஆனால், என் விசுவாசத்தைப் பார்த்துத் தேவன் என்னைக் காப்பாற்றினார் என்று அவன் சொல்வானாகில், தட்டிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் விதவையின் காதில் அது என்னவாக விழும்? அவள் கேட்க நாக்கூசாமல் சொல்லக்கூடிய ஸ்தோத்திரம் எதுவோ, அதுவே உண்மையான ஸ்தோத்திரம். 'எனக்குத் தகுதியில்லாமல் இன்னொரு நாள் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளில் உன் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு' என்று சொல்லி அவள் வீட்டுக்குள் நுழைகிறவன், தேவனுக்கு முன்பாகவும் அவளுக்கு முன்பாகவும் ஒரே வாக்கியத்தால் நன்றி செலுத்துகிறான். நம்முடைய சாட்சிக் கூட்டங்களில் சொல்லப்படுகிறவற்றுள் எத்தனை இந்தப் பரீட்சையில் தேறும் என்று ஒவ்வொருவரும் தம் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, எதிர்த்திசையிலிருந்து வருகிற ஓர் ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தங்கவயலைப் பொறுத்தவரை அது கனமான ஆட்சேபம். நன்றி சொல்லப் பழகிய ஏழை, கேட்க மறந்துபோவான் என்பார்கள்; அரை வயிற்று ராகிக் களிக்குத் தோத்திரம் பாடுகிறவன் முழு வயிற்றுக் கூலிக்குப் போராடமாட்டான் என்பார்கள். இதை வெறும் நாத்திக வாதமென்று தள்ளிவிட முடியாது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைவிட்டு வளர்ந்தது. அவர் காலத்துக்குப் பின் அவருடைய 'தமிழன்' பத்திரிகை 1926-இல் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரால் மறுபடி நடத்தப்பட்டது. மதத்தின் பேரால் மக்களைத் தாழ்த்திவைக்கும் போக்கை அவர்கள் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார்கள். பின்னால் வந்த கம்யூனிஸ்டுத் தொழிற்சங்கத்தாரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாம் செவிமடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் சபைக்குள்ளேயே அதற்கு இடங்கொடுத்த போதனை இருந்தது. கம்பெனி வேலை கொடுத்தது, கம்பெனி வீடு கொடுத்தது, கம்பெனி ஆஸ்பத்திரி வைத்தது, ஆகவே கம்பெனிக்கு நன்றியோடிரு என்று சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தேவனுக்குச் செலுத்த வேண்டிய ஸ்தோத்திரமும் கம்பெனிக்குச் செலுத்தச் சொன்ன விசுவாசமும் ஒரே குரலில் கேட்டால், ஏழை இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்வான்.

இக்குழப்பத்தை அப்போஸ்தலனாகிய பவுல் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்திருக்கிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில், கிருபையைப் பற்றிய தம்முடைய மகத்தான வாதத்தின் நடுவே, வேலை செய்கிறவனுக்குக் கொடுக்கப்படும் கூலி கிருபையின் கணக்கில் சேராது, அது கடன் என்று போகிறபோக்கில் சொல்லிப் போகிறார். கிருபையை விளக்குவதற்காக அவர் எடுத்துக்கொண்ட அந்தச் சாதாரண உண்மை, தங்கவயலுக்கு ஒரு முழுச் சமூக சாஸ்திரம். கூலி கடன்; அதை வாங்குகிறவன் கொடுக்கிறவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லத் தேவையில்லை. கூலியைக் கொண்டு வாங்கிய ராகியும், அந்த ராகியை விளைவித்த மழையும், அதைத் தின்று செரிக்கும் உடலும், நாளை மறுபடி எழுந்திருக்கும் உயிரும் கிருபை. இவற்றுக்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லாதிருக்க முடியாது. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவன் முதலாளியின் முன்னால் குனியமாட்டான். தேவன் முன்னால் குனிவதற்கு வெட்கப்படவுமாட்டான். சோதோமின் ராஜா கொடுக்க வந்த பொருளில் ஒரு நூலையும் பாதரட்சையின் வாரையும் கூடத் தொடமாட்டேன், ஆபிராமை ஐசுவரியவானாக்கினேன் என்று நீ சொல்ல இடங்கொடேன் என்று மறுத்த ஆபிரகாமே, எதிர்த்தரப்பார் எடுத்துக் காட்டும் அந்தச் சீமான்.

1930-ஆம் ஆண்டில், குற்றவாளிகளிடம் எடுப்பதுபோல் தங்களிடம் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய வந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946-இல் மறுபடியும் போராடினார்கள். அந்த ஆண்டின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கூட்டங்களில் ஜெபம் செய்யப் பழகிய உதடுகளும் கோஷமிட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதில் யாதொரு முரணையும் நான் காணவில்லை. கூலிக்காரனிடமிருந்து பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியிருக்கும்போது, அந்தக் கூக்குரலோடு மனிதன் தன் குரலையும் சேர்ப்பது தேவனுக்கு நன்றியீனமாகுமா?

நன்றி செலுத்தும் முறையையே பிரமாணமாக வகுத்த உபாகமம் 26-ஆம் அதிகாரம் இதற்கு முத்திரையிடுகிறது. முதற்பலன் நிறைந்த கூடையைக் கொண்டுவருகிறவன் ஆசாரியன் முன்னால் நின்று என்ன சொல்ல வேண்டும்? தன் வயலின் விளைச்சலைப் பற்றி அவன் பெருமை பேசுவதில்லை. தன் முன்னோர் அந்நிய தேசத்தில் சிலராய்ப் போய்த் தங்கினதையும், அங்கே அவர்கள்மேல் கடினமான வேலை சுமத்தப்பட்டதையும், அவர்கள் கதறினதையும், அந்தக் கதறல் கேட்கப்பட்டதையும் அவன் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கூடை. அதற்கப்புறம் லேவியனும் அந்நியனும் உடனிருக்கச் சந்தோஷமாய்ப் புசிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சரித்திரத்தை மறைத்துவிட்டு நன்றி சொல்ல வேதம் எவனுக்கும் அனுமதி கொடுக்கவில்லை. தங்கவயலின் பிள்ளை ஒருவன் இன்று பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருந்தால், அவன் தன் சாட்சியை எங்கே தொடங்க வேண்டும் என்பதை இந்த அதிகாரம் சொல்லிவிடுகிறது: வட ஆர்க்காட்டின் ஒரு பண்ணையிலிருந்து கால்நடையாய் வந்த கொள்ளுத் தாத்தாவிடம், தூசியை விழுங்கி நாற்பது வயதில் இருமிச் செத்த தாத்தாவிடம், 2001-இல் வேலை போனபின் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்க் காவற்காரனாக நின்ற தகப்பனிடம். அங்கிருந்து தொடங்கினவனால், என் விசுவாசத்தினால் உயர்ந்தேன் என்று வாக்கியத்தை முடிக்க இயலாது.

சுரங்கம் மூடப்பட்ட நாளைத் தேவ கோபம் என்று வியாக்கியானம் செய்தவர்களும் உண்டு. ஒரு டன் பாறையை அரைத்தால் சில கிராம் தங்கமே தேறும் நிலை வந்ததும், செலவு வரவை மிஞ்சியதும், அரசாங்கத்தின் தீர்மானங்களும் சேர்ந்து ஒரு சுரங்கத்தை மூடின. இதற்கு ஒரு ஜனத்தின் பாவத்தைக் காரணமாகத் தேடுவது மறுபடியும் யோபின் சிநேகிதர்களுடைய வேலை. கவனிக்க வேண்டிய அதிசயம் வேறிடத்தில் இருக்கிறது. வேலையும் சம்பளமும் போனபின்னும் அந்த ஊர் சாகவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் சுமார் நூறு கிலோமீட்டர் போய், வேலை செய்து, இரவில் திரும்புகிறார்கள். முன்னே உட்கார்ந்தவர் எழுந்து நிற்பவருக்கு இடங்கொடுப்பதும், வேலைக்கு ஆள் தேவைப்படும் செய்தியை ஒருவர் மற்றவருக்குச் சொல்வதும், வர முடியாதவள் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வீட்டார் சோறு போடுவதும் அந்த வாழ்க்கையின் சாதாரணச் செயல்கள். அன்றாட ஜீவனத்தில் தேவன் போஷிக்கிறார் என்று நாம் அறிக்கையிடுவது மெய்யானால், அவர் போஷிக்கிற கைகள் இவைதாம். வேறு கைகளை நான் கண்டதில்லை.

வனாந்தரத்தில் மன்னா பெய்த சரித்திரத்தை ஞாயிறு பள்ளியில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளைக்கு என்று பதுக்கிவைத்தது புழுத்துப்போயிற்று. பவுல் இந்தச் சம்பவத்தை எடுத்துக் கையாளும் ஓரிடம் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரம். அங்கே அவர் செய்கிற காரியம் எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணம் திரட்டுவது. உங்களுடைய மிகுதி அவர்களுடைய குறைவுக்கு உதவட்டும், நாளை அவர்களுடைய மிகுதி உங்கள் குறைவுக்கு உதவும், இப்படிச் சமநிலை உண்டாகட்டும் என்பது அவருடைய வாதம். மிகுதி தேவனிடமிருந்து வருகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அதை வலியுறுத்தவும் செய்கிறார். ஆனால் தேவன் அதை ஒருவன் கையில் கொடுப்பது இன்னொருவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்பொருட்டே என்று அவர் எண்ணினார். ஆகவே ஒருவனிடம் தேங்கி நிற்கும் மிகுதி, பவுலின் கணக்கில், தன் விலாசத்தை இன்னும் அடையாத கடிதம்.

நம் தமிழ்ச் சபைகளுக்கு இது தெரியாத உபதேசமன்று. உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவந்த கைப்பிடி அரிசிக் காணிக்கையை நம் பாட்டிமார் அனுஷ்டித்தார்கள். அந்தப் பழக்கத்தின் வேதாந்தத்தை எண்ணிப் பார்க்கையில் எனக்குப் பிரமிப்பு உண்டாகிறது. அந்தப் பாட்டி மிகுந்ததிலிருந்து எடுக்கவில்லை. பல வீடுகளில் மிகுந்தது என்று ஒன்றே இல்லை. சமைப்பதற்கு முன்னாலேயே, பிள்ளைகளின் பசி கண்முன் நிற்கும்போதே, இது எனக்குக் கொடுக்கப்பட்டது, ஆகையால் இதில் இன்னொருவனுக்குப் பங்கு உண்டு என்று எடுத்தாள். தேவன் பரிபூரணமாகக் கொடுக்கிறவர் என்பதை நம்பாத ஒருத்தியால் இதைச் செய்திருக்க முடியாது. அவளுடைய ஸ்தோத்திரத்தைச் சாட்சியென்று ஏற்றுக்கொள்ளாத சபை எந்தச் சாட்சியைத் தேடி அலைகிறது?

தங்கவயலில் இன்றும் நிற்கிற சயனைடு மேடுகளைப் பார்த்தவர்கள் பலருண்டு. அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டப்பட்ட அந்த மண் மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசி லைன் வீடுகளின் கூரைமேலும் குழந்தைகளின் கண்ணிலும் விழுகிறது. பொன் போய்விட்டது, தூசி இங்கே தங்கிவிட்டது. வேலை இழந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் வீட்டின் உரிமைக்கும் வரவேண்டிய தொகைகளுக்கும் ஆண்டுக்கணக்காக மனுக்கொடுத்து நடந்தார்கள். இந்நிலையில் அவர்களை நோக்கி, ஐசுவரியத்தை விசுவாசத்தோடு உரிமை பாராட்டுங்கள், அதற்கு முன் விதையாக இத்தனை ரூபாய் காணிக்கை வையுங்கள் என்று மேடையிலிருந்து சொல்லப்படும்போது, கடன் என்று உரிமையோடு கேட்க வேண்டிய கூலியை அவர்கள் மறக்கவும், கிருபை என்று கையேந்தி வாங்க வேண்டியதை விலைகொடுத்து வாங்கவும் கற்பிக்கப்படுகிறார்கள். பவுல் பிரித்துவைத்த இரண்டையும் இடம் மாற்றி வைப்பது இது. இதைச் செய்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்தாலும், ஏழையினிடத்தில் அவனுடைய நியாயத்தையும் தேவனிடத்தில் அவருடைய மகிமையையும் ஒருங்கே பறிக்கிறார்கள் என்று நான் துணிந்து சொல்கிறேன்.

ஆகவே மூப்பர்களுக்கும் போதகர்களுக்கும் என் விண்ணப்பம் இது. வருகிற ஆண்டிறுதி ஆராதனையில், சாட்சிகள் தொடங்குமுன், சபையைச் சேர்ந்தவர்களில் சுரங்கத்திலும் சுரங்க நோயிலும் மரித்தவர்களின் பெயர்களை வாசியுங்கள். அந்த இரவின் ஸ்தோத்திரக் காணிக்கையில் முதற்பங்கை, மூச்சுத் திணறிக்கொண்டு இன்னும் லைன் வீடுகளில் கிடக்கும் முதியவர்களின் மருந்துக்கு ஒதுக்குங்கள். கூலிப் பாக்கிக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் மனு எழுதத் தெரியாதவர்களுக்கு, எழுதத் தெரிந்த இளைஞர்களை ஆலய வளாகத்திலேயே உட்காரவைத்து எழுதிக் கொடுங்கள். பிற்பாடு, இந்த ஆண்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அந்தத் தாயை அழைத்து, பிள்ளைகள் எப்படிச் சாப்பிட்டார்கள், யார் யார் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவள் பேசி முடிக்கும் வரையில் மற்றவர்கள் காத்திருக்கட்டும்.